பன்னிரு திறமையாளர்கள் அணியான விதம்: அமெரிக்கக் கூடைப்பந்து அணி, 2004 முதல் 2008 வரை – ஒரு நிகழ்வு ஆய்வு

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டங்களில் தோற்று வெண்கலப் பதக்கத்துடன் திரும்பிய அமெரிக்க ஆடவர் கூடைப்பந்து அணியிலும், 2008இல் பெய்ஜிங்கில் எட்டு ஆட்டங்களையும் வென்று தங்கம் பெற்ற அணியிலும் நான்கு பெயர்கள் பொதுவாக உள்ளன. லெப்ரான் ஜேம்ஸ், டுவைன் வேட், கார்மெலோ ஆன்டனி, கார்லோஸ் பூஸர் ஆகியோர் இரண்டிலும் ஆடியவர்கள். இரண்டு அணிகளிலும் இருந்த பன்னிருவரும் என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துக் கழகத்தைச் சேர்ந்தவர்கள். தத்தம் ஊர் அணிகளில் பலர் முதன்மை வீரர்கள். இரண்டு அணிகளின் பயிற்றுநர்களும் தம் துறையின் உச்சத்தில் இருந்தவர்கள். இவ்வளவு ஒற்றுமை இருந்தும் முடிவுகள் இவ்வளவு வேறுபட்டது ஏன் என்பதே இவ்வாய்வு எடுத்துக்கொள்ளும் கேள்வி.

திறமையாளர்களை ஒருங்கிணைப்பது பற்றிப் பேசும்போது ஊக்க உரை, தலைவரின் கவர்ச்சி, வெற்றிக்கான வேட்கை ஆகியவற்றையே பெரிதாகச் சொல்லும் பழக்கம் நம்மிடம் உண்டு. இந்த அணியின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தபின் நான் அதை ஏற்கவில்லை. களத்தில் பந்து எறியப்படுவதற்கு வெகுமுன்னர், யார் முடிவெடுப்பது, யாரைச் சேர்ப்பது, எவ்வளவு காலம் சேர்ந்திருப்பது என்ற மூன்று நிருவாக முடிவுகளில்தான் பெய்ஜிங்கின் வெற்றி பெரும்பாலும் தீர்மானமாகிவிட்டது என்று கருதுகிறேன். பேச்சும் ஊக்கமும் அந்த அடித்தளத்தின்மேல் வந்தவை.

பின்னணி

உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபா 1989இல்தான் என்.பி.ஏ. வீரர்கள் சர்வதேசப் போட்டிகளில் ஆடத் தடையில்லை என்று முடிவு செய்தது. அதன்பின் 1992இல் பார்சிலோனாவுக்குச் சென்ற அமெரிக்க அணி, மைக்கேல் ஜோர்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் போன்றவர்களைக் கொண்டு, சராசரியாக ஏறத்தாழ 44 புள்ளி வித்தியாசத்தில் எட்டு ஆட்டங்களையும் வென்றது. 1996லும் 2000லும் தங்கம் தொடர்ந்தது. எனினும் 2000ஆம் ஆண்டு சிட்னி அரையிறுதியில் லிதுவேனியாவை 85–83 என்ற நூலிழை வித்தியாசத்தில்தான் வெல்ல முடிந்தது. 2002இல் தம் சொந்த நாட்டின் இண்டியானாபொலிஸ் நகரில் நடந்த உலகச் சாம்பியன் போட்டியில் அர்ஜென்டினா, யூகோஸ்லாவியா, ஸ்பெயின் ஆகிய மூன்று நாடுகளிடமும் தோற்று, அமெரிக்கா ஆறாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

சர்வதேச ஆட்டம் என்.பி.ஏ. ஆட்டத்தின் மறுபதிப்பு அன்று என்பதை வாசகர் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அங்கே 48 நிமிடம், இங்கே 40 நிமிடம். ஃபவுல் எனப்படும் விதிமீறலில் அங்கே ஆறாவதுடன்தான் ஒருவர் வெளியேற வேண்டும், இங்கே ஐந்தாவதுடனேயே வெளியேற வேண்டும். மூன்று புள்ளிக் கோடு அக்காலத்தில் 6.25 மீட்டரில் இருந்தது, என்.பி.ஏ.வின் கோட்டைவிட அது கூடைக்கு நன்றாகவே அருகில் இருந்ததால், தூரத்திலிருந்து குறி தவறாமல் எறியும் வீரருக்கு இங்கே மதிப்பு கூடுதல். எதிரணியினர் ஆளுக்கு ஆள் தடுப்பதை விட்டு, இடத்தைக் காக்கும் மண்டலத் தடுப்பை நாள்முழுதும் ஆடுவார்கள். தனியொருவர் பந்தைத் தட்டிக்கொண்டு உள்ளே பாய்ந்து புள்ளி எடுக்கும் ஆட்டத்தை முடக்குவதற்கென்றே அமைந்த தடுப்பு அது. இவ்விதிகளுக்குள் பல ஆண்டுகள் சேர்ந்து ஆடிய நாடுகளின் முன், புதிதாகச் சேர்க்கப்பட்ட அணி இயல்பாகவே பின்தங்கியிருக்கும்.

ஏதென்ஸ், 2004

2003ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவின் சான் உவான் நகரில் நடந்த தகுதிப் போட்டியில் அமெரிக்காவுக்காக ஆடிய பன்னிருவரில் டிம் டங்கன், ஆலன் ஐவர்சன், ரிச்சர்ட் ஜெஃபர்சன் ஆகிய மூவர் மட்டுமே அடுத்த ஆண்டு ஏதென்ஸுக்குச் சென்றார்கள். காயம், குடும்பச் சூழல், பாதுகாப்பு குறித்த அச்சம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. அவர்களுக்குப் பதிலாக அழைக்கப்பட்டவர்களில் சிலரும் மறுத்தார்கள். இறுதியில் அணியை நிரப்பியவர்களுள் ஜேம்ஸ், ஆன்டனி, வேட் ஆகிய மூவரும் என்.பி.ஏ.வில் ஒரே ஒரு பருவம் ஆடி முடித்திருந்த இளைஞர்கள். ஜேம்ஸுக்கு அப்போது வயது 19. தேர்வைச் செய்தது ஒரு குழு. பயிற்றுநர் கேட்ட வகை வீரர்கள் கிடைத்தார்களா, கிடைத்தவர்கள் ஒருவருக்கொருவர் பொருந்துவார்களா என்பதற்குப் பொறுப்பேற்கத் தனியொருவர் இல்லை.

தலைமைப் பயிற்றுநர் லாரி பிரவுனின் திறமையைக் குறை சொல்ல இடமில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அவரது டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி, ஷாகில் ஓ'நீல், கோபி பிரையன்ட், கார்ல் மலோன், கேரி பேட்டன் ஆகியோர் நிறைந்த லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணியை 4–1 என்று வென்று என்.பி.ஏ. பட்டம் பெற்றிருந்தது. பெரும்புள்ளி என்று சொல்லத்தக்க ஒருவரும் இல்லாத அணியைக் கூட்டு ஆட்டத்தால் உச்சிக்குக் கொண்டுசென்ற மனிதர் அவர். ஆனால் அதை அவர் செய்தது ஒரு முழுப் பருவத்தில், தினமும் பயிற்சி நடத்தி. ஏதென்ஸுக்கு முன் அவருக்குக் கிடைத்தவை சில வாரங்கள் மட்டுமே. கூட்டு ஆட்டத்தில் இந்த அளவு தேர்ந்தவராலும் அந்தச் சில வாரங்களில் அதை உருவாக்க முடியவில்லை என்பதை இந்த நிகழ்வின் மிக முக்கியமான சான்றாக நான் எண்ணுகிறேன். பயிற்றுநரை மாற்றுவதால் மட்டும் தீரும் சிக்கலாக அது இருக்கவில்லை.

அறிகுறிகள் முன்னரே தெரிந்தன. பயண வழியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த நட்பு ஆட்டத்தில் இத்தாலி 95–78 என்று வென்றது. அணிக் கூட்டத்துக்குத் தாமதமாக வந்த வீரர்களைப் பயிற்றுநர் ஓர் ஆட்டத்திலிருந்து விலக்கிவைத்தார். அணியின் அமைப்பு குறித்த அதிருப்தி செய்தியாளர்களின் காதுக்கும் எட்டியது. ஆகஸ்ட் 15ஆம் நாள் முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோ 92–73 என்று வென்றது. தொழில்முறை வீரர்கள் ஆடத் தொடங்கிய பிறகு ஒலிம்பிக்கில் அமெரிக்கா ஆடிய 24 ஆட்டங்களிலும் தோல்வி கண்டிருக்கவில்லை. 25ஆவது ஆட்டத்தில் அந்த வரலாறு முடிந்தது. அன்று அமெரிக்கர்கள் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்த 24 எறிகளில் மூன்றுதான் கூடைக்குள் விழுந்தன. போர்ட்டோ ரிக்கோ வீரர்கள் மண்டலத் தடுப்பில் உள்ளே குவிந்து நின்று வெளியே இடம் விட்டார்கள். அந்த இடத்தைப் பயன்படுத்தக்கூடிய தேர்ந்த எறியாளர் அமெரிக்க அணியில் இல்லை. பந்தை வைத்து ஆடியே பழகிய பலரை ஒன்றுசேர்த்த அணியில், பந்து கையில் இல்லாதபோது பயன்படக்கூடியவர்கள் போதவில்லை.

பின்னர் லிதுவேனியாவிடம் 94–90, அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 89–81 என்று மேலும் இரு தோல்விகள் வந்தன. லிதுவேனியாவை மீண்டும் சந்தித்து 104–96 என்று வென்றதில் வெண்கலம் கிடைத்தது.

அர்ஜென்டினாவிடம் இருந்தது

அரையிறுதியில் 29 புள்ளி எடுத்த மனு ஜினோபிலியின் பெயரே செய்திகளில் நின்றது. ஆனால் அர்ஜென்டினாவின் வலிமை வேறிடத்தில் இருந்தது. லியோன் நஹ்னுதேல் என்ற பயிற்றுநரின் விடாமுயற்சியால் 1984இல் தொடங்கப்பட்ட தேசிய லீக், தலைநகருக்கு வெளியே இருந்த சிற்றூர்களுக்கும் தரமான ஆட்டத்தைக் கொண்டுசென்றது. அந்த லீக்கில் வளர்ந்த ஜினோபிலி, லூயிஸ் ஸ்கோலா, ஆந்திரேஸ் நோசியோனி, ஃபாப்ரிசியோ ஒபெர்ட்டோ, பெப்பே சான்செஸ் ஆகியோர் ஏதென்ஸுக்கு முன் பல கோடைகளைத் தேசிய அணியில் ஒன்றாகக் கழித்தவர்கள். 2002இல் உலக இறுதியாட்டம் வரை ஒன்றாகச் சென்று, கூடுதல் நேரத்தில் ஒன்றாகத் தோற்றவர்கள். தோழன் எங்கே நகர்வான் என்று பார்க்காமலே பந்தை அங்கே அனுப்பும் பழக்கம் அவர்களுக்கு இருந்தது. ஏதென்ஸ் இறுதியில் இத்தாலியை 84–69 என்று வென்று அவர்கள் தங்கம் பெற்றார்கள்.

தனித்தனியே எடுத்து ஒப்பிட்டால் அந்த அர்ஜென்டினா அணியில் பெரும்பாலோர் அமெரிக்க வீரர்களுக்கு ஈடாகமாட்டார்கள். ஒன்றாக ஆடிய ஆண்டுகள் அந்தக் குறையை நிரப்பின. இப்படிச் சேர்ந்து ஆடிய அனுபவத்தை எந்தத் தேர்வுக் குழுவாலும் ஒரு மாதத்தில் வரவழைக்க முடியாது. அதைக் காலம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அமெரிக்கர்கள் ஏதென்ஸிலிருந்து கற்றுக்கொண்ட பாடங்களில் இதுவே முதன்மையானது என்று அடுத்து அவர்கள் செய்தவை காட்டுகின்றன.

அதிகாரம் ஒருவர் கையில்

2005இல் அமெரிக்கக் கூடைப்பந்து அமைப்பு, ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியை நீண்டகாலம் நடத்திய ஜெர்ரி கொலாஞ்செலோவிடம் தேசிய அணியின் பொறுப்பை ஒப்படைத்தது. பயிற்றுநரையும் வீரர்களையும் தேர்ந்தெடுக்கும் முழு அதிகாரம் தமக்கே வேண்டும் என்பது அவரது நிபந்தனை. குழுவின் இடத்தில் ஒருவர் வந்தார். தனியொருவரிடம் எல்லாவற்றையும் கொடுப்பது எங்கும் சரியான வழி என்று நான் சொல்லமாட்டேன். தவறான ஒருவரின் கையில் அது பெருங்கேட்டை விளைவிக்கும். ஆனால் இங்கே அது ஒரு குறையைத் தீர்த்தது. தேர்வு செய்பவர், விளைவுக்குப் பதில் சொல்பவர் இருவரும் ஒருவரே ஆனதால், அணியின் பொருத்தத்தைப் பற்றிக் கவலைப்பட ஓர் ஆள் கிடைத்தார்.

அவர் வீரர்களை நேரில் சந்தித்து மூன்று கோடைக்காலங்களை ஒதுக்க முடியுமா என்று கேட்டார். வர விரும்புகிறவர் ஒலிம்பிக்குக்கு மட்டும் வந்து பதக்கத்துடன் போக முடியாது. 2006 உலகப் போட்டி, அதற்கடுத்த ஆண்டு, பிறகு பெய்ஜிங் என்று தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்றார். எத்தனை நிமிடம் ஆட விடுவோம் என்ற உறுதி யாருக்கும் கொடுக்கப்படவில்லை. நட்சத்திரங்களிடம் நிபந்தனை வைக்கத் தயங்கும் நிருவாகங்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நிபந்தனை வைத்ததால் வீரர்கள் ஓடிவிடவில்லை; வந்தவர்கள் எதற்கு ஒப்புக்கொண்டு வருகிறோம் என்று அறிந்து வந்தார்கள். இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்ட ஒரு தொகுப்பு அமைந்தது. அதிலிருந்து அவ்வப்போது பன்னிருவர் எடுக்கப்பட்டனர்.

தலைமைப் பயிற்றுநராக டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெவ்ஸ்கி 2005 அக்டோபரில் அறிவிக்கப்பட்டார். கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி தந்தவர் கோடீசுவரத் தொழில்முறை வீரர்களை எப்படி நடத்துவார் என்ற ஐயம் அப்போது எழுந்தது. அவர் துணைக்கு எடுத்துக்கொண்டவர்களில் ஜிம் போஹைம் மண்டலத் தடுப்பில் பெயர்பெற்றவர். மைக் டான்டோனி இத்தாலியில் ஆடியும் பயிற்றுவித்தும் ஐரோப்பிய ஆட்டத்தை அறிந்தவர். நேட் மெக்மில்லன் என்.பி.ஏ.வில் தடுப்பாட்டத்துக்காக அறியப்பட்டவர். அணியில் என்ன குறை என்று ஏதென்ஸ் காட்டியதோ, அதற்கேற்பவே பயிற்றுநர் குழுவும் அமைந்தது.

வீரர்களே சொன்ன விதிகள்

ஷஷெவ்ஸ்கி விதிகளை எழுதிக்கொண்டு வந்து வாசிக்கவில்லை. அணி ஒன்றுகூடும் கூட்டத்துக்கு முன் முக்கிய வீரர்களைத் தனித்தனியே சந்தித்து, நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீங்கள் நினைப்பதைக் கூட்டத்தில் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார் என்று அவரே பின்னாளில் விளக்கியிருக்கிறார். கூட்டத்தில் ஜேம்ஸ் சாக்குச் சொல்லக் கூடாது என்றார். நேரத்துக்கு வருவதும், கண்ணைப் பார்த்து உண்மையைப் பேசுவதும், எதிரணியை மதிப்பதும் விதிகளாயின. பதினைந்து அளவில் ஒரு பட்டியல் உருவாயிற்று.

இப்பட்டியலில் இருந்தவை புதியவை அல்ல. எந்தப் பள்ளி அணியின் சுவரிலும் இவற்றைக் காணலாம். வேறுபாடு அவற்றைச் சொன்ன வாயில் இருந்தது. 2004இல் தாமதம் என்பது பயிற்றுநருக்கும் வீரருக்கும் இடையிலான பூசலாக இருந்தது, தண்டனை மேலிருந்து வந்தது. இப்போது நேரம் தவறுகிறவர், தம் ஒப்பார் முன் தாமே ஏற்றுக்கொண்ட வாக்கைத் தவறுகிறார். உயர்திறன் கொண்டவர்கள் மேலதிகாரியின் கண்டிப்பைவிடச் சம திறமையுள்ளவர்களின் மதிப்பை இழப்பதற்கே அதிகம் அஞ்சுவார்கள் என்பதைப் பயிற்றுநர் உணர்ந்திருந்தார். கூட்டத்துக்கு முன் தனித்தனியே பேசி வைத்தது சூழ்ச்சியாகச் சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. ஆயத்தமில்லாமல் இருபது பேர் முன் பேசச் சொல்லி ஒருவரைத் திகைக்க வைக்காமல், யோசித்துச் சொல்ல அவகாசம் கொடுத்திருக்கிறார்.

கிரேக்கம் கற்பித்தது

இவ்வளவும் செய்தபின் 2006 செப்டம்பர் 1ஆம் நாள் ஜப்பானின் சைத்தாமாவில் நடந்த உலகப் போட்டி அரையிறுதியில் அமெரிக்கா கிரேக்கத்திடம் 101–95 என்று தோற்றது. என்.பி.ஏ. வீரர் ஒருவரும் இல்லாத அணி கிரேக்கம். ஷஷெவ்ஸ்கி தேசிய அணியை நடத்திய பதினொரு ஆண்டுகளில் கண்ட ஒரே தோல்வி இதுதான்.

தோற்ற விதம் கவனத்துக்குரியது. கிரேக்கர்கள் பிக் அண்ட் ரோல் என்ற ஒரே உத்தியைத் திரும்பத் திரும்ப ஆடினார்கள். உயரமான ஒருவர் பந்து வைத்திருப்பவரைத் தடுக்கும் எதிரியின் வழியில் அரணாக நிற்பார். பந்து வைத்திருப்பவர் அந்த அரணைச் சுற்றி ஓடுவார். அரணாக நின்றவர் அடுத்த கணம் கூடையை நோக்கித் திரும்புவார். இதைத் தடுக்க ஐவரும் ஒரே நேரத்தில் ஒரே முடிவை எடுக்க வேண்டும். முதலாமவர் அரணைத் தாண்டிச் செல்வதா, இரண்டாமவர் முன்வருவதா, காலியாகும் இடத்தை மூன்றாமவர் எப்போது நிரப்புவது என்று வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஆட வேண்டும். ஒருவரது தனித்திறன் எவ்வளவு உயர்ந்ததாயினும் இந்தக் கணத்தில் பயன்படாது. கிரேக்கர்கள் எதிரணியின் திறமையுடன் மோதவில்லை, அதன் இணைப்புகள் எங்கே தளர்ந்திருந்தனவோ அங்கே அழுத்தினார்கள்.

நல்ல நோக்கமும் நல்ல விதிகளும் ஒரு கோடையில் அணியை முழுமையாக்கிவிடாது என்பதற்கு இத்தோல்வி சான்று. இதில் ஒரு நன்மையும் விளைந்தது. தங்கம் கிடைத்திருந்தால் பெய்ஜிங்குக்கு நேரடித் தகுதி கிடைத்திருக்கும். கிடைக்காததால் 2007இல் லாஸ் வேகாஸில் நடந்த அமெரிக்கக் கண்டங்களுக்கான தகுதிப் போட்டியில் அணி மீண்டும் கூடி ஆடவேண்டியதாயிற்று. அங்கே பத்து ஆட்டங்கள் ஆடிப் பத்தையும் வென்றார்கள். தோல்வியால் கிடைத்த இந்த இன்னொரு கோடைக்காலம் பிறகு மிகவும் பயன்பட்டது. இதைவிட முக்கியமானது, ஒரு தோல்வி வந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு வேறு பயிற்றுநரைத் தேடாமல் கொலாஞ்செலோ தம் ஏற்பாட்டில் உறுதியாக நின்றது.

பங்குகள்

2007இல் புதிதாகச் சேர்ந்தவர்களுள் இருவர் முக்கியமானவர்கள். முழங்கால் அறுவைச் சிகிச்சையால் 2006இல் ஆட முடியாதிருந்த கோபி பிரையன்ட் ஒருவர், பந்தைப் பகிர்வதில் வல்லவரான ஜேசன் கிட் மற்றொருவர்.

பிரையன்ட் அப்போது உலகின் முன்னணிப் புள்ளியெடுப்பாளர்களுள் ஒருவர். தனித்து இயங்குபவர் என்ற பெயரும் அவருக்கு இருந்தது. அவர் பயிற்றுநரிடம் வைத்த வேண்டுகோள், எதிரணியின் சிறந்த வெளிப்புற ஆட்டக்காரரைத் தடுக்கும் வேலையைத் தமக்குக் கொடுக்க வேண்டும் என்பதாம். லாஸ் வேகாஸில் பிரேசிலின் லியாண்ட்ரோ பார்போசாவை அவர் கிட்டத்தட்டச் செயலிழக்கச் செய்தார். பயிற்சி முகாமில் இரவுக் கேளிக்கை முடிந்து விடியற்காலையில் திரும்பிய சக வீரர்கள், அதே நேரத்தில் பயிற்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிரையன்டைக் கண்டதையும், ஓரிரு நாளில் ஒவ்வொருவராகத் தாங்களும் அவருடன் சேர்ந்துகொண்டதையும் அந்த வீரர்களே பின்னாளில் கூறியிருக்கிறார்கள். எந்த விதியும் அதைக் கட்டளையிடவில்லை.

கிட் எட்டு ஒலிம்பிக் ஆட்டங்களையும் முதல் ஐவரில் ஒருவராகத் தொடங்கினார். மொத்தம் எடுத்த புள்ளிகள் மிகச் சொற்பம், கூடையை நோக்கி எறிந்ததே அரிது. புள்ளிக் கணக்கை மட்டும் பார்ப்பவர் அவரை அணியின் சுமை என்று எழுதியிருப்பார். பந்தை வைத்திருக்க விரும்பும் நால்வருடன் பந்தை விட்டுக்கொடுக்க விரும்பும் ஒருவர் சேர்ந்ததால்தான் அந்த நால்வரின் திறமையும் வெளிப்பட்டது. மைக்கேல் ரெட் தூர எறிக்காகவும், டெட்ராய்ட் அணியின் டெய்ஷான் பிரின்ஸ் நீண்ட கைகளால் தடுப்பதற்காகவும் சேர்க்கப்பட்டார்கள். அவர்களைவிடப் புகழ்பெற்ற பெயர்கள் வெளியே இருந்தன. ஏதென்ஸில் தூர எறியாளர் இல்லாமல் போன அதே இடத்தை இப்போது திட்டமிட்டு நிரப்பினார்கள்.

வேட் பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2006இல் மயாமி அணிக்கு என்.பி.ஏ. பட்டம் பெற்றுத் தந்து, இறுதிச் சுற்றின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான அவர், பெய்ஜிங்கில் ஒவ்வோர் ஆட்டத்தையும் மாற்று வீரராக வெளியே அமர்ந்தே தொடங்கினார். முதல் ஐவர் சற்றுக் களைத்த நேரத்தில், எதிரணியின் மாற்று வீரர்கள் களத்தில் இருக்கும்போது அவர் நுழைவார். ஆட்டத்துக்குச் சராசரியாக 16 புள்ளிகளுடன் அந்தப் போட்டியில் அமெரிக்க அணியின் முன்னணிப் புள்ளியெடுப்பாளர் அவர்தான். மாற்று வீரர் என்பது தகுதிக் குறைவின் அடையாளம் என்ற எண்ணம் அணியில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. முதல் ஐவரில் இருப்பதே மதிப்பு என்று வேட் பிடிவாதம் பிடித்திருந்தாலும் நடந்திருக்காது.

ஆட்டமுறையையும் பயிற்றுநர்கள் ஆட்களுக்கேற்ப வகுத்தார்கள். பல கட்டங்கள் கொண்ட நுணுக்கமான தாக்குதல் திட்டங்களைச் சில வாரங்களில் மனத்தில் பதியவைக்க முயலவில்லை. களம் முழுவதும் நெருக்கித் தடுத்து, பந்தைப் பறித்து, எதிரணி ஒழுங்காகும் முன் ஓடிச் சென்று புள்ளி எடுப்பதே முதன்மை உத்தி. வேகமும் பாய்ச்சலும் உள்ளவர்களுக்கு அது இயல்பாகக் கைவரும், பந்துக்காக ஒருவரோடு ஒருவர் போட்டியிடவும் அங்கே தேவை எழாது. கூட்டு வேலையின் வடிவத்தையே உறுப்பினர்களின் இயல்புக்கு ஏற்றதாக ஆக்கியது, அவர்களது இயல்பை மாற்ற முயன்று தோற்பதைவிடச் சிறந்த வழியாக அமைந்தது.

பெய்ஜிங், 2008

முதற்சுற்றில் கிரேக்கத்தை 92–69 என்று வென்றபோதே 2006இன் பாடம் உள்வாங்கப்பட்டிருந்தது தெரிந்தது. ஸ்பெயினை 119–82 என்றும், அரையிறுதியில் அர்ஜென்டினாவை 101–81 என்றும் வென்றார்கள். ஆகஸ்ட் 24ஆம் நாள் இறுதியில் அதே ஸ்பெயின் முற்றிலும் வேறு அணியாக ஆடியது. கடைசிக் கால்பகுதியில் எட்டு நிமிடங்கள் மிச்சமிருக்கையில் அமெரிக்காவின் முன்னிலை 91–89 என்று இரண்டே புள்ளியாகச் சுருங்கியது.

ஏதென்ஸ் அணிக்கு இந்த நிலை வந்திருந்தால் ஒவ்வொருவரும் தனியே காப்பாற்ற முயன்றிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றுகிறது. இங்கே ஆட்ட இடைநிறுத்தத்துக்குப் பின் பந்து பிரையன்டிடம் சென்றது. அவர் தாமும் எறிந்தார், டெரான் வில்லியம்ஸுக்கும் டுவைட் ஹோவர்டுக்கும் பந்தைக் கொடுத்து அவர்களையும் புள்ளி எடுக்க வைத்தார். மூன்று நிமிடங்கள் சொச்சம் இருக்கையில் ஸ்பெயினின் ரூடி ஃபெர்னாண்டஸ் மேலே மோதியபோதும் பிரையன்ட் மூன்று புள்ளி எறியைக் கூடைக்குள் விழச்செய்து, இலவச எறியையும் சேர்த்து நான்கு புள்ளி பெற்றார். அந்த மோதல் ஃபெர்னாண்டஸின் ஐந்தாவது ஃபவுல் ஆகி அவரைக் களத்தைவிட்டு வெளியேற்றியது. 118–107 என்று ஆட்டம் முடிந்தது. பிரையன்ட் 20, மாற்று வீரராக வந்த வேட் 27.

மாற்று விளக்கங்கள்

2008 அணியில் திறமையே கூடுதல், அதனால் வென்றது என்று ஒருவர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. பிரையன்ட், கிறிஸ் பால், ஹோவர்ட் ஆகியோர் ஏதென்ஸில் இல்லை. ஏதென்ஸில் சராசரியாக ஆறுக்கும் குறைவான புள்ளி எடுத்த பத்தொன்பது வயது ஜேம்ஸ் பெய்ஜிங்கில் முதிர்ந்த வீரர். ஆனால் திறமை மட்டுமே காரணம் என்றால் 2010ஐ விளக்க முடியாது. துருக்கியில் நடந்த அவ்வாண்டு உலகப் போட்டிக்குப் பெய்ஜிங்கின் பன்னிருவரில் ஒருவர்கூடச் செல்லவில்லை. கெவின் டுரான்டைச் சுற்றி அமைந்த இளம் அணி, அதே நிருவாகம், அதே தலைமைப் பயிற்றுநர், அதே நடைமுறைகளுடன் சென்று இறுதியில் துருக்கியை 81–64 என்று வென்றது. ஆட்கள் முழுமையாக மாறியும் விளைவு மாறவில்லை. பின்னர் 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் தங்கம் தொடர்ந்தது.

எதிர்த்திசைச் சான்றும் இருக்கிறது. 2019இல் சீனாவில் நடந்த உலகக் கோப்பைக்கு முன்னணி வீரர்கள் பலர் ஒருவர்பின் ஒருவராக விலக, கடைசி நேரத்தில் நிரப்பப்பட்ட அணி, கிரெக் போப்போவிச் போன்ற மாபெரும் பயிற்றுநர் இருந்தும், காலிறுதியில் பிரான்ஸிடம் 89–79 என்று தோற்று ஏழாம் இடம் பெற்றது. 2004ஐ மீண்டும் படிப்பதுபோல் இருக்கிறது.

ஆய்வுலகமும் இதையொட்டிச் சில சொல்லியிருக்கிறது. 2014இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வு, கூடைப்பந்து, கால்பந்து போல ஒருவரையொருவர் சார்ந்து ஆடும் விளையாட்டுகளில் உயர்திறன் வீரர்களின் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டினால் அணியின் ஆட்டம் தாழ்கிறது என்றும், பேஸ்பால் போன்றவற்றில் அவ்வாறு இல்லை என்றும் கண்டது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் குழுக்களைப் பல்லாண்டு ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாக்மன், ஒரு குழு எப்படி அமையும் என்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடு தலைவர் முன்கூட்டிச் செய்யும் ஏற்பாட்டையும், 30 விழுக்காடு தொடக்கக் கூட்டம் நடைபெறும் விதத்தையும், எஞ்சிய 10 விழுக்காடு மட்டுமே வேலை நடக்கையில் தரும் வழிகாட்டலையும் சார்ந்தது என்று மதிப்பிட்டார். கொலாஞ்செலோவின் மூன்றாண்டு நிபந்தனையை முதலாவதாகவும், வீரர்களே விதி சொன்ன கூட்டத்தை இரண்டாவதாகவும், 91–89இல் வந்த ஆட்ட இடைநிறுத்தத்தை மூன்றாவதாகவும் வைத்துப் பார்த்தால் அந்த மதிப்பீடு இங்கே நன்றாகவே பொருந்துகிறது.

பணியிடத்துக்கு எது பொருந்தும்

இந்நிகழ்வை அப்படியே அலுவலகத்துக்கு எடுத்துச் செல்வதில் எச்சரிக்கை தேவை. தேசிய அணி வீரருக்கு அங்கே ஊதிய உயர்வுப் போட்டி இல்லை. அவரது வருமானமும் பதவியும் வேறோர் அணியில் பத்திரமாக உள்ளன. ஆகவே வெளியே அமர்வதை வேட் ஏற்றது ஓரளவு எளிது. ஒரு மென்பொருள் நிறுவனத்திலோ ஆய்வகத்திலோ பிறருக்கு உதவுவதையே வேலையாகக் கொண்டவரின் பெயர் ஆண்டு மதிப்பீட்டில் அடியில் விழுமானால், அங்கே ஜேசன் கிட் போன்றவர் நெடுநாள் நீடிக்க மாட்டார். தனியாள் சாதனைக்கு மட்டும் பரிசு கொடுத்துவிட்டுக் கூட்டு உழைப்பை எதிர்பார்க்கும் நிருவாகம், முதலில் தன் மதிப்பீட்டு முறையைத்தான் திருத்த வேண்டும்.

எடுத்துச் செல்லக்கூடியவற்றுள் நான் முதலில் வைப்பது தேர்வு முறையை. ஒரு திட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது பெயர்பெற்ற பன்னிருவரை எழுதிவிட்டு வேலையைப் பிரிப்பதற்குப் பதிலாக, வேலைகளை முதலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பொருந்துபவரைத் தேடுவது. அடுத்து, முதல் பின்னடைவிலேயே குழுவைக் கலைக்காமல் இருப்பது. கிரேக்கத்திடம் தோற்ற மறுநாள் எல்லாம் கலைக்கப்பட்டிருந்தால் பெய்ஜிங் நடந்திருக்காது. சேர்ந்திருக்கும் காலத்தை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவதும் இதனுடன் சேரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆட்களை இடம் மாற்றும் நிறுவனங்கள் ஒவ்வொரு முறையும் ஏதென்ஸுக்கு முந்தைய அந்தச் சில வாரங்களிலிருந்தே மறுபடி தொடங்குகின்றன. அந்த இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை என்பதால் அதை யாரும் கேள்வி கேட்பதும் இல்லை.